தலையை ஆட்டினால் போதும்

அந்தத் தும்மலுக்கு மண்டபம் முழுவதும் சிரித்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் மூச்சுத் திணறச் சிரித்துவிட்டு, சிரிப்பில் எனக்கும் பங்கு தருவதுபோல என் முழங்கையைத் தொட்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன். மறுபக்கத்தில் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன சனிக்கிழமை பின்னேரம் நடந்தது இது. வால்தம்ஸ்டோவில் ஒரு மண்டபத்தில் மாதத்துக்கு ஒருமுறை பழைய ஆங்கிலப் படம் போடுகிறார்கள். டிக்கெட்டோடு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தருவார்கள். மகளுக்குப் பதினேழு வயது. மாரிகாலத்திலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டிருந்தாள்: சாப்பாடு, சலவை, பஸ் அட்டை. அப்படியிருந்தவள் தானாக என்னைப் படத்துக்குக் கூப்பிட்டபோது, என்ன படம் என்றுகூடக் கேட்கவில்லை. "ஓம், வாறன்" என்றேன்.

கறுப்பு வெள்ளையில் ஒற்றர்களைப் பற்றிய நகைச்சுவைப் படம். ஏதோவொரு கற்பனை நாட்டுக்குக் குடை விற்கப் போகும் ஆங்கிலேயன் ஒருவனை, ஹோட்டலில் உள்ள எல்லோரும் பெரிய ஒற்றன் என்று நம்பிவிடுகிறார்கள். முதல் அரைமணி நேரம் நானும் நன்றாகச் சிரித்தேன். ஒரே கட்டிலுக்குக் கீழே மூன்று நாட்டு ஒற்றர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளிந்திருக்கிறார்கள். ஒருவன் தன் கால் என்று நினைத்து மற்றவனின் காலைச் சொறிகிறான். நான் சத்தமாகச் சிரித்ததும் மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படிப் பார்த்தாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ஹோட்டலில் உள்ள எல்லோரையும் சிப்பாய்கள் முற்றத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். காட்டிக்கொடுப்பதற்கு ஒருவனைக் கூட்டி வருகிறார்கள். அவன் தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவனைப் பிடிப்பார்கள். சாக்கு கோதுமைமாச் சாக்கு. உள்ளே தூசி. அவனுக்குத் தும்மல் வருகிறது. ஒவ்வொரு தும்மலுக்கும் தலை குனிகிறது, ஒவ்வொரு குனிவுக்கும் ஒருவரை இழுத்துப்போகிறார்கள். பாதிரியார் போகிறார், சமையற்காரர் போகிறார், கடைசியில் அவர்களுடைய தளபதியே போகிறார்.

நான் எழுந்து, ஆட்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் ஒட்டியிருந்த தாளில், எல்லா வயதினரும் பார்த்து மகிழலாம் என்று போட்டிருந்தது. அதைக் கிழிக்கக் கை துடித்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் உடம்பு சரியில்லையா என்று கனிவாகக் கேட்டார். கனிவும் எரிச்சலாகத்தான் இருந்தது. மகள் என் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். என்ன என்று கேட்டாள். பஸ்ஸில் சொல்கிறேன் என்றேன்.

பஸ்ஸின் மேல்தட்டில் வைத்துச் சொன்னேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது, என் அண்ணைக்குப் பத்தொன்பது. ஒரு காலை இராணுவத்தினர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த அண்ணையை அப்படியே வரச் சொன்னார்கள். அவருடைய காதோரத்தில் சவர்க்கார நுரை காய்ந்து போயிருந்தது. எல்லோரும் ஒரு வாகனத்துக்கு முன்னால் நடந்துபோக வேண்டும். வாகனத்துக்குள் சாக்கு போட்ட ஒருவன் இருந்தான். அப்படிப்பட்டவனை நாங்கள் தலையாட்டி என்போம். அண்ணை கடந்தபோது சாக்கு அசைந்தது. அண்ணையிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அவருடைய பெயரைக்கூட. ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அவன் ஏன் ஆட்டினான் என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தா. பகையா, பயமா, ஆள் மாறாட்டமா என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறோம். வெயிலில் வியர்த்துப்போய் ஒரு சாக்குக்குள் இருந்தவனுக்குத் தும்மல் வந்திருக்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஆட்கள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு பார்க்கும் ஒரு படம் அதை எனக்குச் சொல்லித்தந்திருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர்கள் மேலும், அந்தக் கிழவர் மேலும், மண்டபம் மேலும் எனக்கு வந்த ஆத்திரத்தை முழுவதும் மகளிடம்தான் கொட்டினேன். உனக்கு என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

அவள் அழுதாள். மாமாவைக் கொண்டுபோன விதம் தனக்குத் தெரியாது என்றாள். அது உண்மை, நான் சொன்னதில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். என் மகள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். எனக்கு உறைக்க வேண்டியதை மட்டும் தமிழில் சொல்லுவாள்.

"நான் அந்தாளைப் பாத்துச் சிரிக்கேல்லை, அம்மா. எனக்குக் கடை அங்கிளின்ர ஞாபகம் வந்தது."

எந்தக் கடை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு மரக்கறிக் கடை இருக்கிறது. ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர் நடத்துகிறார். கடைக்கு நேரே முன்னால் பஸ் தரிப்பு. மகள் கல்லூரி முடிந்து நாலரை மணி பஸ்ஸில் வந்து அங்கேதான் இறங்குவாள். போன வருடம் நான் அவரிடம் தனியாகச் சொன்னேன்: "அண்ணை, பிள்ளை ஆரோடயும் நிண்டு கதைச்சாப் பாத்துக்கொள்ளுங்கோ. சனிக்கிழமையில அவளும் என்னோட கடைக்கு வருவாள். அவளுக்கு முன்னால ஒண்டும் சொல்லாதேங்கோ. தலையை ஆட்டினால் போதும்."

என் வாயால், அந்தச் சொற்களால் கேட்டேன். கேட்டபோது எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. கெட்டித்தனமான ஏற்பாடு என்றுகூட நினைத்தேன்.

மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை அவர் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே தலையை ஆட்டினார். அங்கேதான் யாரோடோ பழகுகிறாள் என்று நினைத்து, அன்றே மகளின் புதன்கிழமை நாடக வகுப்பை நிறுத்தினேன். படிப்புக் கெடுகிறது என்று காரணம் சொன்னேன். அவளுக்கு அந்த வருட நாடகத்தில் நல்ல வேடம் கிடைத்திருந்தது.

"அந்தக் கிழமை முழுக்க நான் பஸ்ஸில வரவேயில்லை. ரயிலில வந்தனான்," என்றாள் மகள். "அவர் ஆரைக் கண்டாரோ தெரியாது. கல்லூரியில பாதிப் பேர் என்ர கோட்டு மாதிரித்தான் போடுவினம்."

அவர் தலையாட்டுவது தெரிந்திருந்தும் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் ஒண்டுமே கேக்கேல்லையே, அம்மா."

தரிப்பில் இறங்கியதும் நான் வீட்டுப் பக்கம் போகவில்லை, நேரே கடைக்குள் போனேன். அவளும் பின்னால் வந்தாள். கல்லாவில் இருந்தவர் என்னைக் கண்டதும் வழக்கம்போலத் தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்தார், ஒன்றுமில்லை என்பதற்கு. பழக்கமாகிவிட்டது மனிதருக்கு.

"அண்ணை, இனி என்ர பிள்ளையைப் பாக்க வேண்டாம். தலையும் ஆட்ட வேண்டாம்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நீங்கள்தானே தங்கச்சி கேட்டனீங்கள்," என்றார். "எனக்கென்ன, நான் தேங்காய் விக்கிறன்."

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வாய்க்கு வந்தது வேறு. "அந்தக் கிழமை நீ ஏன் ரயிலில வந்தனி?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கேக்கிறீங்களா, விசாரிக்கிறீங்களா?"

"கேக்கிறன்."

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள். என் கையிலிருந்த வெறும் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. இன்னும் சொல்லவில்லை. நாடக வகுப்புக்கு நாளைக்குப் போ என்று காலையில் சொன்னேன். வேடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது, திரைச்சீலை இழுக்கத்தான் இப்போது ஆள் வேண்டுமாம், ஆனாலும் போகிறேன் என்றாள். என் ஆத்திரம் அடங்கவில்லை. அது அந்த மண்டபத்தை விட்டு வந்துவிட்டது, கடைக்காரரையும் விட்டுவிட்டது, இப்போது போக வேறு இடமில்லாமல் என்னோடு இருக்கிறது. நேரம் நாலரை, அவளுடைய பஸ் வரும் நேரம். முன் யன்னலில் நின்றால் பஸ் தரிப்புத் தெரியும். நான் பின்பக்கம் அடுப்படியில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.