பதினொரு இடத்தில் அப்பு

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு, தன் மாமியாரைப் பார்க்க ஒரு பிரெஞ்சுப் பெண் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் இடைவேளையில் நான் கொப்பியில் கிறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டு, என்ன எழுதுகிறீர்கள் என்று டேனிஷில் கேட்டார். மருந்துக் குறிப்பு என்று பொய் சொன்னேன். வேலையிடத்தில் கதை எழுதுகிறேன் என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா? அவர் கொப்பியை ஒரு கணம் பார்த்துவிட்டு, மருந்துக் குறிப்பில் இவ்வளவு மேற்கோள் குறி வருமா என்றார். அதற்குமேல் மறைக்க வழியில்லை.

தானும் எழுதுகிறவர்தான் என்றார். டென்மார்க்காரர் ஒருவரைக் கல்யாணம் முடித்து இங்கே வருவதற்கு முன்பே பாரிஸில் இரண்டு நாவல்கள் வெளியிட்டவர். வந்த இடத்தில் டேனிஷ் படித்தார். டேனிஷ் நாவல் ஒன்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். ஒன்று இரண்டாகி, இருபதையும் தாண்டிவிட்டது. அவருடைய மூன்றாவது நாவல் மட்டும் வரவேயில்லை. காலை முழுக்க மற்றவர்களின் வசனங்களோடு மல்லுக்கட்டிவிட்டு எழும்பினால் தன்னுடைய வசனம் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பார். புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர் இருக்காது. உள்ளே, எறும்பு அளவில் ஓர் ஓரத்தில் கிடக்கும். மேடையில் டேனிஷ் எழுத்தாளர் பகிடி விட்டால் அதைப் பிரெஞ்சில் சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பது இவர். கைதட்டு வாங்குவது அவர். எனக்குக் கேட்கவே பற்றிக்கொண்டு வந்தது. இவரோ, அந்தப் பகிடி நான் திருத்தியதால்தான் எடுபட்டது என்று சிரித்தார்.

என் கதைகளை டேனிஷில் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டுவந்தவர், திடீரென்று ஒருநாள் தமிழ் படிக்கப்போகிறேன் என்றார். ஒரு மாதத்தில் ஆசை விட்டுப்போகும் என்று நினைத்தேன். ஆறு வருடம் விடவில்லை. புதன்கிழமைகளில் என் வேலை முடிந்ததும் துறைமுகத்தடி நூலகத்தில் உட்காருவோம். அவருக்கு முதலில் பிடித்த சொல் ‘நீங்கள்’. டேனிஷில் வைத்தியரும் ‘டு’, வாசல் கூட்டுகிறவரும் ‘டு’, எல்லாருமே ‘நீ’தான். பிரெஞ்சில் வளர்ந்தவருக்கு மரியாதை கொடுக்க ஒரு சொல் இல்லாமல் முப்பது வருடம் வாய் ஊனமாக இருந்ததாம். என்னை நீங்கள், நீங்கள் என்று கூப்பிட்டே ஆசை தீர்த்துக்கொண்டார். நான் படிப்பித்தேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்தவள் என்ன படிப்பிப்பாள்? அவர் கேட்பார், நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன், அவர் அதையும் கொப்பியில் எழுதிவிடுவார்.

கடைசியில் என் கதைத் தொகுப்பைத் தமிழிலிருந்தே பிரெஞ்சில் மொழிபெயர்த்து முடித்தார். பாரிஸில் ஒரு சின்னப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் படி ஒன்றை எனக்கும் அனுப்பினார். இரண்டு பக்கத்தில் முன்னுரையும் எழுதியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். குரலில் வெட்கம் இருந்தது. “முப்பத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு நானா எழுதினது. பதிப்பாளர் வாசிச்சுப்போட்டு, நாவலும் எழுதுங்கோ எண்டு கேக்கிறார்” என்றார். எனக்கு என் புத்தகம் வருவதைவிட அதுதான் சந்தோசமாக இருந்தது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த என் மகள் குசினி மேசையில் இருந்து வாசித்து, டேனிஷில் எனக்குச் சொன்னாள். மூன்றாவது கதையில் நிறுத்திவிட்டாள்.

“மோர், இந்தத் தாத்தா ஆர்?”

மோர் என்றால் டேனிஷில் அம்மா. நான் பெற்ற பிள்ளை என்னை இருபது வருடமாக மோர் என்றே கூப்பிடுகிறது, தாளித்துத்தான் குடிக்கவில்லை. “அந்தக் கதையில தாத்தா இல்லை” என்றேன். “இருக்கிறார். அம்மா அவருக்குத்தான் கஞ்சி பருக்கிறா” என்றாள்.

அது காய்ச்சலில் கிடக்கும் மகளுக்குப் பக்கத்தில் ஒரு தாய் இரவெல்லாம் இருக்கும் கதை. “அப்பு, ஒரு வாய் குடியணை” என்று மகளைக் கெஞ்சுவாள். யாழ்ப்பாணத்தில் செல்லம் முற்றினால் மகளும் அப்புதான். எண்ணிப் பார்த்தோம், பதினொரு இடத்தில் அப்பு. பதினொரு இடத்திலும் பிரெஞ்சில் தாத்தா. பிள்ளை காய்ச்சலில் அனுங்க, தாய் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிழவரிடம் உருகிக்கொண்டிருந்தாள்.

இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு மகள் முன்னுரையை வாசித்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முன்னுரை முழுக்க அந்தத் தாத்தாதான். செத்துப்போனவரோடு பேசும் தமிழ்த் தாயைப் பார்த்ததும், தன்னுடைய தாயும் தாத்தா செத்தபிறகு ஒரு வருடம் அவர் உட்கார்ந்த கதிரையோடு பேசியது நினைவு வந்ததாம். அவ்வளவு அழகாக எழுதியிருந்தார். மகளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிழை யாருடையது என்பதும் எனக்குத் தெரியும். அப்பு எண்டால் ஆர் என்று அவர் ஒரு புதன்கிழமை கேட்டபோது, நான் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், எங்கட ஊரில அப்பப்பாவை அப்படித்தான் கூப்பிடுறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். அது பொய்யில்லை. அரைவாசி மட்டும்தான்.

“விடுங்கோ மோர், பிரான்சில ஆருக்குத் தெரியப்போகுது?” என்றாள் மகள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் என்னை ஏமாற்றிக்கொண்டு திரிந்தேன். சொன்னால் அந்த இரண்டு பக்கமும் போய்விடும். முப்பத்தைந்து வருடம் மூடிக்கிடந்த வாயை நானே பொத்தினதாகும். சொல்லாவிட்டால் என் பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. திங்கட்கிழமை அச்சு. சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

“வாங்கோ, இருங்கோ” என்று கதவைத் திறந்தார். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பிழை என்னுடையது என்பதையும் சொன்னேன்.

மேசையில் கிடந்த படியை எடுத்து அந்தக் கதையைப் புரட்டினார். பிறகு கேட்டார்.

“பதினொரு இடமுமோ?”

“ஓம்.”

பதிப்பாளரின் கைபேசிக்கு எடுத்தார். அவர் பிரெஞ்சில் கதைத்ததில் எனக்கு விளங்கியது அப்பு என்ற சொல் மட்டும்தான். நடுவில் ஒருமுறை குரல் உடைந்தது. பேசி முடித்துவிட்டு, முன்னுரையின் இரண்டு தாளையும் உருவி, மடித்து, மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தார்.

“முன்னுரை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

“நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் எப்பவோ கண்டுபிடிச்சிருப்பன். அப்ப மன்னிச்சிருக்க மாட்டன்.”

“நாவல்?”

“மொழிபெயர்க்கிறவளுக்கு இண்டைக்கு நல்ல நாள். எழுதுறவளுக்குத்தான் கூடாத நாள்” என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்தார். சிரிக்கவில்லை.

ஒவ்வொரு தாத்தாவாக வெட்டினார். செல்லத்துக்கு அவர் மொழியில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் பொருந்தவில்லை. அப்பு என்பதையே பிரெஞ்சு எழுத்தில் எழுதினார். பத்து இடம் முடிந்தது. பதினோராவது, கதையின் கடைசி வரி. காய்ச்சல் விட்டுத் தூங்கும் மகளைத் தாய் விடிய எழுப்பும் இடம். அதற்கு முன் வரும் சொற்களை எப்படி அமைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“இதில தாயின்ர குரல் எப்பிடி? ஒருக்கா கூப்பிட்டுக் காட்டுங்கோ.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, என் மகளைக் கூப்பிடுவதுபோல, “அப்பு” என்றேன். வீட்டில் அதற்கு ‘யா’ என்று டேனிஷில்தான் பதில் வரும்.

அவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே “ஓம்” என்றார். சொன்னது அவருக்கே தெரியாது, எழுதிக்கொண்டிருந்தார். நான் அவருடைய மேசையில் முகத்தை வைத்து அழுதேன்.