மாலை போட்டுக்கொண்டு ஆடிய துப்பாக்கி ஆட்டம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன். ஐயப்பனுக்கு மாலை போட்டவன் துப்பாக்கி ஆட்டம் ஆடினானா என்று நாலு பேர் கேட்பார்களே என்று மூடி வைத்துவிடுவேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். உத்திரமேரூர் பக்கத்தில் மாவு மில் வைத்துப் பிழைக்கிறேன். காலையிலும் சாயங்காலமும் விளக்கேற்றாமல் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன்தான் இதையும் செய்தேன்.

நாங்கள் நான்கு பேர், சின்ன வயதுச் சிநேகிதர்கள். நான், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவன், பட்டுத் தறி நெய்கிற ஒருவன், கொத்தனார் ஒருவன். வேலை முடிந்து சாயங்காலமானால் அவரவர் வீட்டிலிருந்தே போனில் ஒன்றாகச் சேர்ந்து ஆடுவோம். ஒரு பக்கம் நாலு பேர், எதிர்ப்பக்கம் நாலு பேர். ஒரு கூட்டம் குண்டு வைக்கும், அடுத்த கூட்டம் அது வெடிப்பதற்குள் போய் அணைக்க வேண்டும். திரையில் நம் கையும் துப்பாக்கியும்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் எவன் நிற்கிறான் என்று கூட்டாளி சொன்னால்தான் உண்டு. சுடுபட்டவன் அந்தச் சுற்று முடிகிறவரை திரும்ப வர முடியாது, உயிரோடு இருப்பவனைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதனால் தலைதெறிக்க ஓடுகிறவனுக்கு இதில் இடமில்லை. காதைத் தீட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் பேசிப் பேசி ஆட வேண்டும். எங்களில் குண்டை அணைக்கிற வேலை எப்போதும் கொத்தனாருடையது. அவனுக்குத்தான் கை நடுங்காது.

அந்தக் கையில்தான் அடி விழுந்தது. சாலவாக்கம் பக்கம் ஒரு வீட்டு வேலையில் சென்ட்ரிங் பலகை சரிந்து வலது மணிக்கட்டில் விழுந்துவிட்டது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்தபோது கட்டை விரல் விறைத்துப்போய் நின்றது. கட்டை விரலால் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பழகச் சொன்னார் டாக்டர். அவனால் பக்கத்து விரலைக்கூடத் தொட முடியவில்லை. வலி தாங்காமல் பழகுவதையே விட்டுவிட்டான். கட்டை விரல் மடங்காமல் கரணையை எப்படிப் பிடிப்பது? அதைப் பிடிக்காமல் சுவர் எப்படிப் பூசுவது?

அவன் மனைவி ஒருநாள் மில்லுக்கு வந்தபோது, மாவு அரைபடுகிற சத்தத்தில் அழுவது வெளியே கேட்காது என்று நினைத்தோ என்னவோ, அங்கேயே நின்று அழுதது.

"ஏதோ கம்பெனில வாட்ச்மேன் வேலை கீதாம் சாமி. திங்கக்கெயம வரேன்னு சொல்லிடப் போறாராம். செவுரு பூசற மனுசன் கேட்டாண்ட குந்திக்கினு இருந்தா அவரு அவரா இருப்பாரா? நீங்கல்லாம் வந்து பேசுங்க."

என்னை சாமி என்றதற்குக் காரணம் உண்டு. அது கார்த்திகை மாதம். கொத்தனார் தவிர நாங்கள் மூன்று பேரும் மாலை போட்டிருந்தோம். மாலை போட்டவனை ஊரே சாமி என்று கூப்பிடும். நாங்களும் எதிரில் வருகிற ஆண்பிள்ளை எவனாக இருந்தாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லக் கூடாது, டா போடக் கூடாது, கெட்ட வார்த்தை வாயில் வரவே கூடாது. இந்த ஆட்டத்தைப் பற்றிக் குருசாமியிடம் முன்னமே கேட்டிருந்தேன்.

"நெசத் துப்பாக்கியா?" என்றார்.

"இல்ல சாமி, போனு."

"அப்ப கோவம் வராம ஆடு."

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் சர்ச்சுக்குப் போய்த் திரும்பிய பிறகு, மத்தியானம் மூன்று பேரும் அவன் வீட்டுக்குப் போனோம். வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான் என்று தெரியும். சாலவாக்கத்துப் பையன்களோடு ஒரு ஆட்டம் பேசி வைத்திருந்தோம்.

"நாலு பேரு இல்லாம ஆட்டமே தொடங்காது சாமி," என்றான் ஆட்டோக்காரன். "நீ சும்மா ஒரு மூலைல நில்லு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"என்னையும் சாமின்றியா? இப்பதான்டா கோயில்லேந்து வரேன்."

"மாலை போட்டா எல்லாருமே சாமிதான். உங்க ஃபாதரு வந்தாலும் சாமிதான் சாமி."

சிரித்தான். அடிபட்ட பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மடியில் தலையணையை வைத்து அதன்மேல் போனைச் சாய்த்துக்கொண்டான். வலது கையைப் பக்கத்தில் போட்டுவிட்டு இடது கையாலேயே தன் ஆளை ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

சுற்றுக்குச் சுற்று மாறி மாறி ஜெயித்து, இரண்டு பக்கமும் சமமாகி, கடைசிச் சுற்று வந்தது. அவர்கள் குண்டு வைத்துவிட்டார்கள். அதன் டிக் டிக் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர்களில் மூன்று பேரை நாங்கள் முடித்திருந்தோம். மிச்சம் ஒருவன். நாங்களோ நான்கு பேரும் உயிரோடு இருந்தோம். தோற்கவே கூடாத ஆட்டம்.

"சாமி, பின்னாடி," என்றான் தறிக்காரன்.

மற்ற மூன்று பேரும் திரும்பினோம். எனக்குப் பின்னால் நின்றவன் அதற்குள் நகர்ந்துவிட்டான். ஆட்டோக்காரன் திரும்பிய நேரத்தில் முதுகில் சுடுபட்டான்.

"எந்தச் சாமிய சொன்ன சாமி?"

"மில்லு சாமிய சொன்னேன்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

எதிராளிகளின் குரலும் எங்களுக்குக் கேட்கும். "இன்னாடா, பஜனை பண்ணிக்கினு கீறீங்களா?" என்றான் ஒருவன். மற்ற நாளாக இருந்தால் ஆட்டோக்காரன் அவன் வம்சத்தையே இழுத்திருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு, "மாலைய கயட்டிட்டு உன்னாண்ட பேசறேன் சாமி," என்றான்.

ஜன்னலில் எதிராளியின் துப்பாக்கி தெரிந்தது. "சாமி, குந்து," என்று கத்தினேன். தறிக்காரனைத்தான் சொன்னேன். தன்னைச் சொன்னதாக நினைத்து மூலையில் நின்ற கொத்தனார் குந்தினான். தன்னைச் சொல்லவில்லை என்று நினைத்துத் தறிக்காரன் நின்றான், செத்தான். ஐயோ என்று நான் தலையை நீட்டினேன். நானும் போனேன்.

கொத்தனார் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் இருக்கிற இடம் எதிராளிக்குத் தெரியாது.

"உட்ரு, போவட்டும்," என்றான் கொத்தனார். ஆனால் அவன் இடது கை நகர ஆரம்பித்திருந்தது. சுவரை ஒட்டிக் குண்டு வரைக்கும் போய்விட்டான். இனிமேல்தான் சிக்கல். இடது ஓரத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் அவன் ஆள் குந்தியிருக்கும். விட்டால் எழுந்து நிற்கும், தலை தெரிந்துவிடும். குண்டை அணைக்கிற பொத்தான் வலது ஓரத்தில். அதையும் விடாமல் அழுத்த வேண்டும்.

வலது கையைப் பார்த்தான். அந்தக் கையைத் தூக்கிக் கொண்டுவந்து போனின் ஓரத்தில் வைத்தான். கட்டை விரல் கண்ணாடிக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. டிக் டிக் வேகமானது. நான் மனசுக்குள் சரணம் சொன்னேன். கதவோரம் நின்ற அவன் மனைவி "ஏசப்பா" என்றது எனக்குக் கேட்டது. விரல் இறங்கியது. திரையில் வட்டம் நிரம்ப ஆரம்பித்தது. கால், அரை, முக்கால். எதிராளியின் காலடிச் சத்தம் எங்கோ கேட்டு நெருங்கியது. கொத்தனாரின் நெற்றி வியர்வை போன்மேல் சொட்டியது. வட்டம் மூடுவதற்கு நூலளவு இருந்தபோது விரல் வழுக்கிவிட்டது.

குண்டு வெடித்தது. சாலவாக்கத்துப் பையன்கள் விசில் அடித்தார்கள்.

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதற்குத்தானா இவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம், உள்ளதும் போச்சே என்று நொந்துகொண்டேன். அவனோ கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் மேல் பாய்ந்தான்.

"அறிவு கீதாடா உங்களுக்கு? நாலு பேர வச்சிக்கினு ஒருத்தன்கிட்ட தோத்துட்டு. எல்லாரும் சாமி சாமின்னா எவன்டா சாமி? இனிமே நம்பர் போட்டுத்தான் கூப்புடணும். கேட்டுக்க. ஒண்ணாஞ்சாமி ஆட்டோ."

சொல்லிக்கொண்டே விரல் விட்டு எண்ணினான். வலது கை. கட்டை விரல் போய் ஆள்காட்டி விரலின் நுனியைத் தொட்டது.

"ரெண்டாஞ்சாமி தறி."

நடுவிரலைத் தொட்டது. அதற்கப்புறம்தான் அவனே பார்த்தான். எண்ணுவதை நிறுத்திவிட்டான். ஆட்டோக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தறிக்காரன் அவன் தொடையை அழுத்தினான்.

"மூணாஞ்சாமி யாரு?" என்று கதவோரத்திலிருந்து மெதுவாகக் கேட்டது அவன் மனைவி.

அவன் பல்லைக் கடித்தான். கட்டை விரல் மோதிர விரலை நோக்கி நடுங்கி நடுங்கிப் போனது. ஒரு அரிசி நுழைகிற இடைவெளியில் நின்றுவிட்டது. மறுபடி முயன்றான். மறுபடியும் அங்கேயே நின்றது.

"மில்லு சாமிக்கு நாளைக்கு," என்றான்.

அந்தத் திங்கட்கிழமை அவன் வாட்ச்மேன் வேலைக்கு வருவதாகச் சொல்லவில்லை. நாளைக்கு என்று அவன் சொன்ன நம்பர் எனக்கு வந்து சேரத் தை மாதம் ஆனது. நாங்கள் மலைக்குப் போய் வந்து மாலை கழற்றிய பிறகு, மில்லுக்கு வந்து என் முகத்துக்கு நேரே கட்டை விரலால் மோதிர விரலைத் தொட்டு மூணு என்று காட்டிவிட்டுப் போனான். சுண்டுவிரல் இன்றைக்கும் எட்டவில்லை. எட்டாமலே சுவர் பூசுகிறான். கனமான வேலையில் கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கையோ காலோ விழுந்து வீட்டுக்குள் முடங்கியிருக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது நல்லதற்குத்தானே என்று எதையும் கூட்டாதீர்கள். ஐயப்பன் பேரையோ ஏசு பேரையோ தனியாகப் பிரித்துப் போடாதீர்கள், அந்த அறையில் இரண்டு பேரையும் கூப்பிட்டோம். எல்லா விரலும் எட்டிவிட்டது என்று சொல்லாதீர்கள். அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்ததாகவும் சொல்லிவிடாதீர்கள். தோற்றோம். தோற்ற கோபத்தில்தான் அவன் எண்ண ஆரம்பித்தான்.