துணையாளர் வகுப்பில் என் வில்லன் வேடங்கள்

பொய் சொன்னால் சம்பளமும், நன்றாகப் பொய் சொன்னால் மறுபடி அழைப்பும் கிடைக்கிற கண்ணியமான தொழில் ஒன்றில் நான் இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் மனைவியின் வழியில் நின்று திட்டு வாங்குகிற அன்பர்களே, உங்களுக்கு என் நிலைமை விளங்கும். தப்பி ஓட ஒரு வேலை வேண்டும். நகரின் ஒரு கோடியிலுள்ள மில்லிக்கனிலிருந்து மறுகோடியிலுள்ள மிசிசாகாவுக்கு 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்துபோய், ஒரு பயிற்சி வகுப்பில் நடிக்கிறேன். மாணவர்கள் எல்லோரும் இராணுவத்தினர். பாலியல் வன்முறைக்கு ஆளான சக படையாளுக்குத் துணை நிற்கப் படிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பது, என்னென்ன வழிகள் உண்டென்று சொல்வது, ஆஸ்பத்திரிக்குக் கூடப்போவது எல்லாம் துணையாளரின் வேலை. முடிவெடுப்பது மட்டும் பாதிக்கப்பட்டவர்.

பாதிக்கப்பட்டவராக நடிப்பது ஜேன் என்கிற கெட்டிக்கார நடிகை. அவருடைய நிம்மதியைக் கெடுக்க வருகிற அத்தனை பேரும் நான். வாலிபத்தில் ஒரு நாடகத்தில் நான் செத்துக் கிடந்த விதத்தைப் பார்த்து, நிஜ டொக்டர் ஒருவர் மேடையேறி நாடி பிடித்துவிட்டு என் வீட்டாருக்கு அனுதாபம் சொன்னார் என்று நேர்முகத்தில் சொன்னேன். நம்பிவிட்டார்கள். நீங்களும் நம்பலாம்.

கேர்ணல் வந்தார்

முதல் வேடம் கேர்ணல், படையில் பெரிய அதிகாரி. பழைய உடுப்புக் கடையில் எடுத்த தொப்பி, காதுவரை இறங்கும். துணையாளரும் ஜேனும் இருக்கிற அறைக்குள் நான் தட்டாமல் புகுந்து, "என்ன நடந்தது? ஆர் அவன்?" என்று அதட்ட வேண்டும். துணையாளர் நடந்ததில் ஒரு சொல்லையும் வெளிவிடாமல் என்னை வெளியே அனுப்ப வேண்டும்.

சார்ஜன்ற் பிரையன் கதவளவு மனிதர். என் தொப்பியைக் கண்டதும் துள்ளி எழுந்து அடித்த சலூட்டின் காற்றில் யன்னல் திரை ஆடியது. பக்கத்து விமான நிலையத்தில் ஒரு விமானம் இறங்கப் பிந்தியது என்றும் கேள்வி. ஜேன் அவரை நம்பிச் சொன்ன அத்தனையையும் வரிசை பிசகாமல் எனக்கு ஒப்புவித்தார். மனிதரில் குறையில்லை. பதவியைக் கண்டால் முதுகு தானாக நிமிர்கிற பழக்கம் அது.

பயிற்சியாளர் மோரீன் முன்பு அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருந்தவர். சத்தம் போடவேயில்லை. (அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.) "சார்ஜன்ற், நீங்கள் எழும்பினதும் அந்த மேசையில தனிச்சுப்போனது ஆர்?"

ரிஷ்யூப் பெட்டி

கோப்ரல் தாரணி ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. இராணுவத்தில் மருத்துவ உதவியாளர். ஜேன் அழத் தொடங்கியதும் ஒரு கையில் கண் துடைக்க ரிஷ்யூ, மறுகையில் தண்ணீர், தோளில் போர்வை என்று தாரணி சுழன்று வேலை செய்ததைப் பார்த்தால், பத்துக் கை இருக்கிறதென்று கோயிலில் சத்தியம் செய்வேன். கடைசியில், "அவனுக்குத் தண்டனை வாங்கித் தருவன், நான் பொறுப்பு" என்றாள்.

மோரீன் நிறுத்தினார். நடக்குமோ நடக்காதோ தெரியாததை வாக்குக் கொடுக்கக் கூடாது. ரிஷ்யூவை எட்டும் தூரத்தில் வைக்கலாம், கையில் திணித்தால் அழாதே என்று சொன்னதாகிவிடும். தாரணியின் முகம் சுருங்கிப்போயிற்று.

கோப்பி வேளையில் என்னிடம் வந்து நின்றாள். "அங்கிள், எங்கட முகாம் வடக்கில தூரத்தில கிடக்கு. அங்க இந்த வேலைக்கு ஒருத்தரும் இல்லை. வெள்ளிக்கிழமைச் சோதினையில நான் பெயில் எண்டா, ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தா அவ பனிக்குள்ள அடுத்த நகரம்வரை தனிய கார் ஓட வேணும்." கோப்பி எடுக்க வந்த ஜேன், நின்று அவள் தோளைத் தொட்டுச் சொன்னார்: "நீர் நல்ல பிள்ளை. ஆனா என்ர அழுகையை மட்டும் என்னட்டை விட்டிடும்."

கார் கழுவுமிடம்

இந்த வகுப்பில் மற்றவரைப் பார்க்கிற பாடம் பாதி, தன்னைத்தானே பார்க்கிற பாடம் பாதி. காதால் கேட்கப் பொறுக்காத கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகமுன் என்ன செய்வீர்கள் என்று மோரீன் கேட்டார். வகுப்பே ஒரே குரலில் ஓடுவோம், பாரம் தூக்குவோம் என்றது. "அது உங்கட உத்தியோகம். வேற சொல்லுங்கோ" என்றார் மோரீன்.

பிரையன், தான் கார் கழுவுமிடத்துக்குப் போவதாகச் சொன்னார். தூரிகைகள் சுற்ற, நுரை கண்ணாடியை மூட, உள்ளே இருந்து சத்தம்போட்டு அழலாமாம். அவருடைய வாகனம் ஏன் எப்போதும் கல்யாணக் கார் மாதிரி மினுங்குகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரிக்கவில்லை, என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

தாரணியின் முறை வந்தது. "எனக்கு ஒண்டும் தேவையில்லை. நான் ஓகே" என்றாள். மோரீன் பேனையை மூடிவைத்தார். "வெள்ளிக்கிழமையும் இதைச் சொன்னீரெண்டா நான் உம்மை அனுப்பமாட்டன். நீர் உடைஞ்சுபோனா, அந்த முகாமில துணை தேவைப்படுற ஆக்கள் ரெண்டாகும்."

குற்றவாளியின் அப்பா

வெள்ளிக்கிழமை எனக்குக் குற்றம் சாட்டப்பட்டவனின் தகப்பன் வேடம். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு மூலை. தாரணியும் ஜேனும் பக்கத்தில் பக்கத்தில். முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி நான் கெஞ்ச வேண்டும். எழுதிக் கொடுத்தது ஆங்கிலம். ஆனால் என் நாக்கு சும்மா கிடக்குமா?

"பிள்ளை, நீர் எங்கட பிள்ளையெல்லோ. எந்த ஊர்?" என்றேன், தமிழில், இருமிக்கொண்டு.

அவள் முறையில் நான் கேர்ணலாகப் புகுந்தபோது அசையாமல் இருந்தவள், இந்தக் கிழவனுக்கு எழும்பிவிட்டாள்! "இருங்கோ அங்கிள்" என்று தன் கதிரையையே தந்தாள். நான் ஜேனுக்குப் பக்கத்தில் சொகுசாக அமர்ந்து, நெஞ்சைப் பிடித்தபடி தமிழில் பொழிந்தேன். என் மகன் தங்கம், தாய் படுக்கையில், சனம் என்ன சொல்லும், உந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு நீர் சொன்னால் கேட்பாள். தாரணி தலையாட்டிக்கொண்டு நின்றாள். மோரீனின் பேனை அசைவதைக் கண்டேன். பிள்ளையின் சோதனையைக் கெடுத்துவிட்டேனே!

அப்போது தாரணி ஜேனைப் பார்த்தாள். ஜேன் ஒன்றும் விளங்காமல் எங்கள் வாய்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாரணி அவர் எதிரே குந்தி இருந்து, நான் சொன்னதைத் தங்கத்திலிருந்து சனம்வரை ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். உங்களுக்கு விளங்காத மொழியில் உங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நின்றது பிழை என்றாள். இவர் இருக்கவா, போகவா என்று கேட்டாள். ஜேன், "போகட்டும்" என்றார்.

நான் இன்னும் பலமாக இருமினேன். தாரணி எழுந்து, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அங்கிள், எந்த ஊரெண்டு பிறகு சொல்லுறன். இப்ப எழும்பி வெளியில போங்கோ."

சோதனைக்குப் பிறகு

போனேன். அப்படிப்பட்ட குரலுக்கு நிஜத் தகப்பனும் போயிருப்பான். கதவு இடுக்கால் எட்டிப் பார்த்தேன், அதற்குச் சம்பளம் இல்லை. கதிரை கொடுத்தது பிழை, ஆனால் அதைத் திருத்திய விதத்தைத் தான் இதுவரை எவரிடமும் பார்த்ததில்லை என்றார் மோரீன். பிறகு பேனையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கிறீர்?" என்று கேட்டார். தாரணி அந்தக் கதிரையில் அமர்ந்தாள். "நான் ஓகே இல்லை. கொஞ்ச நேரம் ஒருத்தரும் என்னோட கதைக்காதேங்கோ, ஆனா போயிடவும் வேண்டாம்." மோரீன் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

எத்தனையோ வாசல்களில் வரவேற்கப்பட்டவன் நான், ஆனால் ஒரு பிள்ளை என்னைத் துரத்திவிட்டதை மனைவியிடம் பெருமையாகச் சொல்ல வீட்டுக்கு ஓடியது இந்த ஒரு தொழிலில்தான்.