சுண்ணாம்புக் கைக்கு ஒரு ஆஃப் பட்டன்

ஆம்பூர்ல ஒரு தோல் கம்பெனில என்னைத் தூக்கி கம்ப்யூட்டர் ரூம்ல போட்டாங்க. படிப்பப் பாத்து இல்ல, அது நம்மகிட்ட கெடையாது. முதுகு புடிச்சிக்கிச்சு, தோல் பதப்படுத்தற டிரம்மாண்ட தூக்கிப் போட முடியல. ஏசி ரூம்ல சும்மா குந்தினு இருக்க ஒரு ஆள் வேணும்னாங்க. அதுல நான் கெட்டிக்காரன். ரெண்டாயிரத்துக்கு அப்புறம், எல்லாத்துக்கும் மிஷின் வந்த நேரம் அது.

மெட்ராஸ்லேர்ந்து கம்ப்யூட்டர் சார் போன்ல சொல்வாரு, நான் அமுக்குவேன். ஸ்கிரீன்ல நாலஞ்சு வரி. ஒவ்வொண்ணும் ஒரு கனெக்டராம், ஒரு மிஷின் கணக்க இன்னொண்ணுக்கு இழுத்துனு வர்ற கம்பி மாதிரி. கேட்ல இருக்கற கைரேகை மிஷின்லேர்ந்து யார் வந்தாங்க, யார் வரலன்னு இழுத்துனு வர்றது மொத வரி. பச்சைன்னா ஆன், சாம்பல்னா ஆஃப். இங்கிலீஷ் தெரியாட்டி இன்னா, கலர் தெரியுமே. என் சம்சாரம் தெருவுல என்னை இஞ்சினியர்னு சொல்லி வெச்சிருந்தா. நான் மறுக்கல.

பேஜார் ஆனது, தோல்ல முடி போக ஊற வெக்கற சுண்ணாம்புத் தொட்டில வேல பாத்த அண்ணனாலதான். வருஷக்கணக்கா சுண்ணாம்புல கை வெச்சு ரேகையே போயிடுச்சு அவருக்கு. மிஷின்ல வெரல் வெச்சா செவப்பு லைட்டுதான். மேனேஜர் பாவம் பாத்து கையால பேர ஏத்துவாரு. மறுபடி கனெக்டர் ஓடும், அதை அழிச்சிட்டு 'வரல'ன்னு போட்டுடும். மாசக் கடைசி வரைக்கும் இப்படியே போனா கம்ப்யூட்டர் தானா வேலையிலேர்ந்து அவர் பேர எடுத்துடும்.

அண்ணன் ஜன்னலாண்ட வந்து கேப்பாரு.

"இன்னாப்பா, இன்னிக்கி நான் வந்தனா?"

"எதிர்ல நிக்கிறியேண்ணே."

"உன்ன கேக்கல. அத்த கேளு."

"அது வரலைன்னுது."

சிரிச்சிட்டுப் போவாரு. போறப்ப லுங்கில வெரலத் தேச்சுக்கினே போவாரு.

சாருக்குப் போன் போட்டேன். "அந்த மொத வரிய ஆஃப் பண்ணிடட்டா சார்?"

"எல்லாருக்கும் அந்த ஒரே வரிதான். ஆஃப் பண்ணா ஷூ தைக்கிற பொண்ணுங்க மொத்தமும் ஆப்சென்ட் ஆயிடுவாங்க. அவரை நல்லா கை கழுவிட்டு வைக்கச் சொல்லுங்க."

சோப்பு, புளி, தேங்காண்ணெய் எல்லாம் போட்டுப் பாத்தோம். கடைசில வெரல் வெக்கற கண்ணாடி பிசுபிசுன்னு ஆகி மிஷின் என்னையும் வெளியாளுன்னுடுச்சு.

"ஒரு தபா வந்து பாத்துட்டுப் போங்க சார், பிரியாணி என்னுது"ன்னேன். வந்தாரு. அண்ணனக் கூட்டியாந்து கை குடுக்க வெச்சேன். சார் புடிச்ச கைய விடல. டியூப்லைட்டுக்குக் கீழ திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"வலிக்குமா?"

"கொழம்பு பெசையறப்ப மட்டும் சார்."

சார் என் சேர்ல குந்தி, தொட்டி ஆளுங்கள மட்டும் மொத வரிலேர்ந்து எடுத்து, தனியா ஒரு கனெக்டர் போட்டாரு. "இதை ஆஃப்லயே வைங்க. மேனேஜர் ஏத்தறதுதான் நிக்கும்"னாரு.

அதுலேர்ந்து அந்த வரியத் தொடாம இருக்கறதுதான் என் வேல. டீக்குப் போனாக்கூட மவுஸக் கவுத்து வெச்சிட்டுத்தான் போவேன்.

மாசம் பொறந்துச்சு. மேனேஜர் ஸ்கிரீனப் பாத்து, அண்ணன் பேர் இருக்குதுன்னாரு. முதுகப் புடிச்சிக்கினு தொட்டிக்கு ஓடினேன். "அண்ணே, நீ வந்துட்டன்னுது"ன்னேன். அண்ணன் தோலப் பொரட்டிக்கினே சொன்னாரு.

"சரி, தள்ளி நில்லு. கால்ல தெறிக்கும்."