பதினோரு பேருக்கும் ஒரே பதில்

“உங்கள் மாணவர்கள் பதினோரு பேரும் காப்பி அடித்திருக்கிறார்கள். கோர்ஸிலிருந்து நீக்கப் போகிறோம்.”

வெளிநாட்டு ஒருங்கிணைப்பாளரிடமிருந்து எனக்கு வந்த மெயில் இது. 2008 வாக்கில், சிதம்பரத்தில் ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் நான் ட்யூட்டர். உலகச் சுற்றுச்சூழலும் வளர்ச்சியும் என்று ஓர் ஆன்லைன் கோர்ஸ். பல நாட்டு மாணவர்களும் ஒரே ஃபோரத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இருபது வருடம் தபால் வழியில் பாடம் நடத்தியவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்திருந்தேன்.

முதல் கேள்வி, ‘உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி இருக்கிறது?’ எங்கள் ஆட்கள் பதினோரு பேரும் கமா, புள்ளி மாறாமல் ஒரே பதிலைப் போட்டிருந்தார்கள். எழுதியவன் யார்? சாட்சாத் நான்தான். தபால் பாடத்தில் மாடல் ஆன்சர் அனுப்புவோம், அதை மனப்பாடம் செய்து எழுதினால் பாஸ். அதே பழக்கத்தில் இதற்கும் ஒன்று எழுதி மெயிலில் தட்டிவிட்டிருந்தேன்.

அன்றே செல்வராணி போன் செய்தார். கம்மாபுரம் பக்கத்தில் பால்வாடி டீச்சர்.

“சார், பேர எடுக்கப் போறாங்களாமே? கடலூர்ல ப்ராஜெக்ட் வேலைக்கு இந்த சர்ட்டிபிகேட்டத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன். நீங்க அனுப்புனதத்தான சார் போட்டோம்?”

யாராக இருந்தாலும் கத்திவிடுகிற ஆள் நான். அன்று கத்தாமல், போனை வைத்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது, மாணவர்களுடையது அல்ல என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன். ஒரு வாரம் கொடுத்தார். ஒவ்வொருவரும் சொந்தமாக எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் குறிஞ்சிப்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு வரவழைத்தேன். மற்றவர்கள் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். செல்வராணி மட்டும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஊரு தண்ணியப் பத்தி அவுங்க படிக்கறதுக்கு என்னா சார் இருக்குது?”

“காலையில எழுந்து தண்ணிக்கு என்னாம்மா பண்றீங்க? அதச் சொல்லு!”

“என்னா பண்றது, கெணத்துக்குப் போவணும். முன்னல்லாம் ஒரு கயிறு போதும். தண்ணி கீழ போயிடுச்சு. இப்ப மூணு கயித்த முடிச்சு போட்டு வாளிய எறக்கறோம். முடிச்சு ராட்டினத்துல மாட்டிக்கும் சார், அதத் தள்ளிவிட ஒரு ஆளு நிக்கணும். ரோதன!”

“இதயே எழுதும்மா.”

“இதுல பாயிண்டே இல்லியே சார்!”

தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினார். கை துறுதுறுத்தது, இருந்தாலும் நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

அந்த வாரம் ஃபோரத்தில் அவருக்குத்தான் பதில்கள் ஜாஸ்தி. கென்யாவில் ஒரு பெண், தாங்களும் கயிற்றை முடிச்சுப் போட்டுத்தான் இறைப்பதாக எழுதி, முடிச்சு மாட்டாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டிருந்தார். யார் பெயரையும் எடுக்கவில்லை. பிறகு செல்வராணிக்குச் சர்ட்டிபிகேட் வந்தது, கடலூர் வேலையும் கிடைத்தது.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த வாரம் அவர் செய்த போன்தான்.

“சார், கென்யாக்காரம்மா கேள்வி கேட்டிருக்காங்க. மாடல் ஆன்சர் அனுப்புறீங்களா?” சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு.

“எனக்குத் தெரியாதும்மா, நீதான் சொல்லணும்” என்றேன். இருபது வருடத்தில் ஒரு மாணவரிடம் நான் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த பாடத்திலிருந்து கேள்வியை மட்டும் அனுப்பினேன்.