ஒன்றரை ஷிப்ட் தியானம்

அன்றாட வாழ்க்கைக்கு யோகம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்களே என்று இரண்டு பஸ் மாறி, திருப்பூர் மண்ணரைக்கு வந்திருக்கிறேன். பனியன் கம்பெனி எனக்கு ஒதுக்கியிருப்பது சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து நிமிடம். தையல் மெஷின்களுக்கு நடுவே அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு முப்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாய்மையில் ஆரம்பிக்கிறேன். பொய் சொல்லாமல் ஒரு நாளைக் கடத்துவதே பெரிய யோகம் என்கிறேன். தூக்கம் வேறு, தியானம் வேறு என்று எச்சரித்துவிட்டுக் கண்ணை மூடச் சொல்கிறேன்.

மூன்று மூச்சுகூட ஆகவில்லை. சூப்பர்வைசர் செல்போனோடு வருகிறார்.

"மேடம், கொஞ்சம் ஓரமா நில்லுங்க. நம்ம பனியன் வாங்கற வெளிநாட்டு பையருக்கு போட்டோ அனுப்போணுங்க."

"இப்பத்தானே ஆரம்பிச்சேன்!"

"போட்டோ வந்தாப் போதுமுங்க. வேலையாளுகளை நல்லா வெச்சிருக்கமான்னு பாக்க நாளைக்கு ஆடிட்டுங்க."

எடுக்கிறார். யாரோ கண் திறந்துவிட்டாளாம், மறுபடி எடுக்கிறார். பிறகு கையைத் தட்டுகிறார். எல்லோரும் எழுந்து போக, மெஷின்கள் ஓடத் தொடங்குகின்றன. இதற்கா இரண்டு பஸ்?

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் அசையவில்லை. அட்டையை மடிக்கும் பெண் என் காதருகே சொல்கிறாள்: "நேத்து ஒன்றரை ஷிப்ட் பாத்தாளுங்க."

வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்குகிறாள். அவளைத் தட்டி எழுப்பச் சூப்பர்வைசர் குனிகிறார்.

"தொடாதீங்க!" என்கிறேன். "ஆழ்ந்த தியானத்துல இருக்காங்க. பாதியில எழுப்பக் கூடாது."

அவர் பயபக்தியோடு பின்வாங்குகிறார். ஒரு நிமிடம் அவளையே பார்க்கிறார். பிறகு சத்தமில்லாமல் செல்போனைத் தூக்குகிறார்.

"இந்த போட்டோவைத்தானுங்க மேடம் பையருக்கு அனுப்போணும்."