கெமியில் பெயிலானவளின் சாட்சி

மருத்துவம் படிக்கப் போவதாக என் மனைவி சொன்னபோது அவளுக்கு முப்பது வயது. எங்கள் மகள் அப்போது பாலர் பள்ளியில் இருந்தாள். நாங்கள் டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரில் இருந்தோம். எனக்குப் பொருட்கிடங்கில் வேலை, அவளுக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இல்லத்துக்கு வரும் மருத்துவரிடம் அவள் ஓயாமல் கேள்வி கேட்பாளாம். இந்த மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள், இவருக்கு ஏன் கால் வீங்குகிறது என்று. ஒருநாள் அந்த மருத்துவர், "நீ ஏன் இதைப் படிக்கவில்லை?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

இடையில் ஒரு பெரிய தடை இருந்தது. சிறுவயதில் இங்கே வந்து ரண்டர்ஸ் நகரில் வளர்ந்தவள் அவள். ஜிம்னேசியம் என்று சொல்லும் இங்கத்தைய உயர்தரப் பள்ளியில் மொழிகளைத்தான் எடுத்திருந்தாள். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கக் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் உயர்மட்டத்தில் முடித்திருக்க வேண்டும். இந்த வயதில் அதெல்லாம் முடியுமா என்று நான் கேட்டேன். "குறையிற பாடத்தை எடுத்து முடிக்கலாம். அதுக்கெண்டு கோர்ஸ் இருக்குத்தானே" என்றாள், கடையில் மறந்துபோன சாமானை வாங்கி வரலாம் என்பதுபோல.

கணிதத்தை முடித்தாள். பௌதிகத்தைத் தட்டுத்தடுமாறி முடித்தாள். இங்கே எல்லாரும் 'கெமி' என்று சொல்லும் இரசாயனம் மட்டும் மிச்சம். அதன் வாய்மொழிப் பரீட்சை ஜூனில் வந்தது.

அதற்கு முந்தைய ஞாயிறு எங்கள் சபையில் போதகர் அவளை முன்னால் அழைத்தார். வாடகை மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் கூடும் சிறிய பெந்தெகொஸ்தே சபை அது. எல்லாரும் எழுந்து அவளை நோக்கிக் கைகளை நீட்டி ஜெபித்தார்கள். வரும் வாரம் இந்தச் சகோதரி வெற்றியின் சாட்சியோடு வந்து நிற்பாள் என்று போதகர் சொன்னார். சத்தமாக ஆமென் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பரீட்சையன்று நான் காரில் காத்திருந்தேன். அவள் வந்து ஏறினாள். இருக்கைப் பட்டியைப் போட்டாள். "பாஸாகேல்லை" என்றாள். காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்துக்குள் விட்டு அளக்கும் பரிசோதனைதான் அவளுக்குச் சீட்டில் வந்த கேள்வி. கணக்கைச் சரியாகச் செய்திருக்கிறாள். ஆனால், கண்ணாடிக் குடுவைக்குள் இப்போது என்ன நடக்கிறது, சொல்லுங்கள் என்று வெளியிலிருந்து வந்த பரீட்சகர் கேட்டபோது வாய் அடைத்துப் போயிற்று.

முடிவு உடனேயே சொல்லப்படும். பெயில் என்று கேட்டதும் பெரும்பாலானோர் தலைகுனிந்து வெளியேறிவிடுவார்கள். இவள் அங்கேயே நின்று, எனக்கு எது தெரியவில்லை என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறாள். பாடம் தெரிகிறது, ஆனால் அதைப் பற்றி ஒருவரோடும் கதைத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது என்று பாடம் நடத்திய ஆசிரியை சொன்னாராம். இதையெல்லாம் என்னிடம் சொல்லி முடித்த பிறகுதான் அவள் அழுதாள். நான் காரை எடுக்காமல் அவள் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தேன்.

அந்த வருட விண்ணப்பம் அதோடு போயிற்று. மறுபடி பரீட்சை எடுக்கப் பனிக்காலம்வரை பொறுக்க வேண்டும்.

ஞாயிறு வந்தது. இன்றைக்குச் சபைக்குப் போகாமல் விடுவோம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம் என்றேன்.

அவள் மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவு பேரும் எனக்காக ஜெபிச்சவை. என்ன நடந்ததெண்டு அவைக்குச் சொல்ல வேணும்தானே."

சாட்சி சொல்லும் நேரத்தில் முதலில் ஒருவர் வேலை கிடைத்ததற்கு நன்றி சொன்னார். இன்னொருவர் முதுகுவலி சுகமானதைச் சொன்னார். பிறகு இவள் எழுந்து முன்னால் போனாள்.

"போன கிழமை எல்லாரும் எனக்காக ஜெபிச்சனீங்கள். நான் கெமியில பெயில்" என்றாள்.

பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்றார். இரண்டொருவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். அவளே சிரித்துவிட்டாள். அதன் பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

"பனிக்காலத்தில திரும்ப எடுக்கப் போறன். பாஸாக வேணுமெண்டு மட்டும் ஜெபிக்காதேங்கோ. செவ்வாய்க்கிழமை பின்னேரம் எனக்கு வகுப்பு, இவருக்கு வேலை. பிள்ளையைப் பார்க்க ஒருவரும் இல்லை. அதுக்கும் ஜெபியுங்கோ." சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

தேநீர் நேரத்தில் எங்களைச் சுற்றி ஆட்கள். அலுவலகங்கள் துப்புரவு செய்யும் ஒரு அன்ரி, செவ்வாய்க்கிழமைகளில் தான் சும்மாதான் இருப்பதாகச் சொல்லி, ஜெபத்துக்குக் காத்திராமல் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தாய் என் மனைவியை ஓரமாகக் கூட்டிப் போனார். அவருடைய மகன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு மாதங்களாகிறதாம். இன்னும் படிப்பதாகவே சபையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். "நீர் சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வருகுதில்லை, பிள்ளை" என்றாராம். என் மனைவி அவருக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் ஆறும்வரை அவருடன் நின்றிருக்கிறாள்.

அன்று முதல் என்னுடைய வேலை கேட்பது. காரிலும் சமையலறையிலும் உடுப்பு மடிக்கும்போதும் அவள் எனக்கு இரசாயனம் விளங்கப்படுத்தினாள். டேனிஷில் தொடங்குவாள், எனக்குப் பிடிபடாவிட்டால் தமிழுக்கு மாறுவாள். அங்கே சொல் கிடைக்காமல் கையால் காட்டுவாள். நான் மன்னாரில் படித்த இரசாயனம் எப்போதோ மறந்து போயிற்று. அவள் சொல்வது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. எங்கே அவள் வேகமாக ஓடிக் கடக்கிறாள் என்பது மட்டும் தெரியும். அந்த இடத்தில் "விளங்கேல்லை" என்பேன். ஒருதரம் கோபத்தில் கரண்டியை மேசையில் போட்டுவிட்டு, "எனக்கும்தான் விளங்கேல்லை" என்றாள். பிறகு புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தை முதலிலிருந்து படித்தாள்.

அவளிடம் நான் அதிசயித்தது அவளுடைய மூளையை அல்ல. அது எனக்கு முன்பே தெரியும். தனக்குத் தெரியாததை அவள் ஒளிக்கவில்லை. என்னிடமும் ஆசிரியையிடமும் சபையிலும் ஒரே குரலில் சொன்னாள். வெளிநாட்டில் வாழும் நாங்கள் பிள்ளைகளின் வெற்றியைத் தட்டில் வைத்துக் காட்டப் பழகியவர்கள். தோல்வியையும் அப்படிச் சொல்லலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பனிக்காலப் பரீட்சையில் பத்து எடுத்தாள். பன்னிரண்டுதான் இங்கே உச்சம். பரீட்சகர் நடுவில் குறுக்கிட்டுக் கேட்ட கேள்விக்கு, நான் சமையலறையில் கேட்ட ஏதோ ஒரு மடத்தனமான கேள்வியை நினைத்துப் பதில் சொன்னாளாம். மார்ச்சில் விண்ணப்பித்தாள், நுழைவுச் சோதனையும் எழுதினாள்.

ஜூலைக் கடைசியில் முடிவு வந்த அன்று அவளுக்குப் பகல் வேலை. நான் கிடங்கில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"ஓடென்சேயில மெடிசினுக்கு இடம் கிடைச்சிட்டுது" என்றாள்.

நன்றாய்ப் போச்சுது, நன்றாய்ப் போச்சுது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு கிழவி அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"வாறன்" என்று டேனிஷில் அவருக்குச் சொன்னாள். பிறகு என்னிடம், "இஞ்சருங்கோ, பிள்ளையை நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. எனக்கு இண்டைக்கு வேலை முடியப் பிந்தும்."